பெட்டியில் 'லிமிடெட் எடிஷன்' என்றிருந்தால் விலை ஏறுமா?

கேள்வி: மொத்தம் 3,000 மட்டுமே என்று அறிவித்து ஒரு கதாபாத்திரச் சிலை வெளியானது. முன்பதிவில் இரண்டு வாங்கினேன். ஒன்றைப் பிரித்து அலமாரியில் வைத்துவிட்டேன், இன்னொன்று சீல் உடைக்காமல் இருக்கிறது. இணையத்தில் சிலர் அதற்கு மூன்று மடங்கு விலை போட்டிருக்கிறார்கள். இப்போதே விற்கலாமா, வைத்திருந்தால் இன்னும் ஏறுமா? இதே வரிசையில் அடுத்த சிலை வரப்போகிறது. கிரெடிட் கார்டில் ஐந்து வாங்கி நான்கை விற்றுவிட்டால், ஒன்று எனக்கு இலவசமாகக் கிடைத்த மாதிரி ஆகிவிடும் அல்லவா?

பதில்: சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சீல் உடைக்காததை இப்போதே விற்கப் பாருங்கள். அடுத்த வெளியீட்டில் ஐந்து வாங்காதீர்கள். கடனில் ஒன்றுகூட வேண்டாம்.

முதலில் அந்த மூன்று மடங்கு விலை. அது விற்பவர் கேட்கும் விலை. அந்த விலைக்கு யாராவது வாங்கினார்களா என்பதுதான் கேள்வி. கேட்பதற்கு யாருக்கும் செலவில்லை. பத்து மடங்குகூடக் கேட்கலாம். இபே போன்ற தளங்களில் விற்று முடிந்தவற்றை மட்டும் பிரித்துக் காட்டும் வசதி இருக்கிறது. அதைப் போட்டால் சுமார் 90 நாளில் உண்மையில் கைமாறிய விலைகள் தெரியும். அதில் உச்ச விலையைப் பார்த்துச் சந்தோஷப்படாமல், கடைசிப் பத்து விற்பனைகளை வரிசையாகப் பாருங்கள். விலை இறங்கிக்கொண்டே வருகிறதா? மாதத்துக்கு எத்தனை விற்கிறது, இப்போது எத்தனை விற்பனைக்குக் கிடக்கிறது? மாதம் மூன்று விற்கும் பொருளுக்கு நாற்பது பேர் கடை விரித்திருந்தால், இருக்கிற சரக்கு தீரவே ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். அந்த வரிசையில் நாற்பத்தோராவது ஆளாக நீங்கள் நிற்கிறீர்கள்.

அடுத்து அந்த 3,000. இந்த எண்ணைத்தான் எல்லோரும் பிடித்துக்கொள்கிறார்கள். நான் வேறொரு எண்ணைத் தேடச் சொல்வேன்: அந்த மூவாயிரத்தில் எத்தனை, திருப்பி விற்பதற்காகவே வாங்கப்பட்டவை? இதற்கு எந்த நிறுவனமும் கணக்கு தராது. ஆனாலும் ஊகிக்க முடியும். வெளியான முதல் வாரத்திலேயே நூற்றுக்கணக்கில் விற்பனைக்கு வந்துவிட்டால், வாங்கியவர்களில் பெரும்பாலோர் ரசிகர்கள் அல்ல, உங்களைப் போலவே இரண்டாவதை விற்கக் காத்திருப்பவர்கள். அவர்கள் எல்லோர் வீட்டிலும் அது பிரிக்காமல், புத்தம் புதிதாக, பத்திரமாக இருக்கும். விலை கொஞ்சம் ஏறினால் வெளியே வரும். ஏற்றம் அங்கேயே அடங்கிவிடும்.

இதற்குக் காமிக்ஸ் உலகத்தில் பாடமே இருக்கிறது. 1938இல் சூப்பர்மேன் முதன்முதலில் தோன்றிய இதழ் சுமார் 2 லட்சம் பிரதிகள் அச்சானது. விலை பத்து சென்ட். சிறுவர்கள் படித்தார்கள், கிழித்தார்கள், பழைய பேப்பரோடு போட்டார்கள். இன்று மிஞ்சியிருப்பவை நூறு அளவில்தான் இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். நல்ல நிலையில் உள்ள பிரதி பல மில்லியன் டாலருக்குப் போகிறது. 1992இல் அதே சூப்பர்மேன் இறந்துபோகும் இதழ் வந்தது. கறுப்பு உறை, உள்ளே துக்கப் பட்டை என்று சேகரிப்பதற்கென்றே தயாரித்தார்கள். லட்சக்கணக்கானோர் வாங்கி, உறையைப் பிரிக்காமல் பெட்டியில் பூட்டினார்கள். இன்றைக்கும் அது சுலபமாக, மலிவாகக் கிடைக்கிறது. எல்லோரும் பத்திரப்படுத்திய பொருள் அரிதாவதற்கு வழியே இல்லை.

பீனி பேபீஸ் பொம்மைகளின் கதையும் இதுதான். தொண்ணூறுகளில் அந்த நிறுவனம் ஒவ்வொரு பொம்மையாக 'இனித் தயாரிக்க மாட்டோம்' என்று நிறுத்த நிறுத்த விலை எகிறியது. 1999இல் விவாகரத்து செய்துகொண்ட ஒரு தம்பதி, லாஸ் வேகஸ் நீதிமன்றத்தின் தரையில் உட்கார்ந்து பொம்மைகளை ஒவ்வொன்றாகப் பங்கு பிரித்துக்கொண்டார்கள்; அந்தப் புகைப்படம் உலகம் முழுக்கச் சுற்றியது. அதன்பின் சந்தை கண்ட வீழ்ச்சியில், அந்தப் பாகப்பிரிவினையில் ஜெயித்தது யார் என்று சொல்வது கஷ்டம்.

எண்ணிக்கை குறைவு என்றாலே மதிப்பு ஏறும் என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு தகவல். பிரிட்டிஷ் கயானாவின் 1856ஆம் ஆண்டு ஒரு சென்ட் மெஜந்தா தபால்தலை உலகில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. 2014இல் ஏறக்குறைய 95 லட்சம் டாலருக்கு வாங்கியவர், 2021இல் விற்றபோது அது போனது 83 லட்சத்துக்கு. அந்த விலைக்கு வாங்கக்கூடிய ஆட்கள் உலகத்திலேயே ஒருசிலர்தான். அன்றைக்கு அந்த ஒருசிலருக்கு எவ்வளவு ஆசை இருந்ததோ அதுதான் விலை.

'லிமிடெட்' என்பதன் சட்டைப்பையையும் கொஞ்சம் துழாவிப் பார்க்க வேண்டும். 3,000 என்பது உங்கள் நிறத்துக்கு மட்டுமா, எல்லா நிறங்களும் சேர்த்தா? நீலத்தில் 3,000, கறுப்பில் 3,000, கண்காட்சிக்கென்று தனியாக 1,000 என்று போய்க்கொண்டே இருக்கலாம். சிலர் '48 மணி நேரம் மட்டும்' என்று முன்பதிவு திறப்பார்கள். அதில் வரம்பு நேரத்துக்குத்தான், அதற்குள் ஒரு லட்சம் பேர் பதிவு செய்தால் ஒரு லட்சமும் தயாராகும். அச்சு ஓவியங்களில் எண்ணிட்ட பிரதிகளுக்கு வெளியே ஓவியரின் சொந்தப் பிரதிகள் என்று இன்னும் கொஞ்சம் இருப்பது வழக்கம். எண்ணே போடாமல் 'குறைந்த அளவுத் தயாரிப்பு' என்று மட்டும் எழுதியிருந்தால், அதை விளம்பர வாசகமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சில நேரம் நிறுவனம் சொல்லவே சொல்லாததைச் சந்தை தானாகவே நம்பிக்கொள்ளும். 2022 மார்ச்சில் ஒமேகாவும் ஸ்வாட்சும் சேர்ந்து மூன்ஸ்வாட்ச் கடிகாரத்தை வெளியிட்டபோது கடை வாசலில் கூட்டம் கட்டுக்கடங்கவில்லை. சிலர் பல மடங்கு விலைக்கு இணையத்தில் போட்டார்கள். இது லிமிடெட் எடிஷன் இல்லை, தொடர்ந்து வரும் என்று ஸ்வாட்ச் தெளிவாகவே சொன்னது. சரக்கு வரவர விலை இறங்கியது. முதல் வாரத்தில் விற்றவர்கள் லாபம் பார்த்தார்கள்; அவர்களிடம் வாங்கி 'முதலீடாக' வைத்தவர்கள் பாவம்.

மறுபதிப்பு வருமா என்பதையும் பாருங்கள். மேஜிக் தி கேதரிங் சீட்டு விளையாட்டில் 1995இல் பழைய சீட்டுகளை மறுபடி அச்சிட்டுக் 'கிரானிக்கிள்ஸ்' என்று வெளியிட்டார்கள். வைத்திருந்தவர்கள் கொதித்தார்கள். அடுத்த வருடம் நிறுவனம் ஒரு பட்டியல் போட்டு, இந்தச் சீட்டுகளை இனி அச்சிடவே மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தது. அந்தப் பட்டியலில் உள்ளவை இன்றும் விலை நிற்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். உங்கள் சிலையைத் தயாரித்தவர்கள் அப்படி எழுத்தில் ஏதாவது கொடுத்திருக்கிறார்களா? முன்பு விற்றுத் தீர்ந்தவற்றைச் சிறு மாற்றத்தோடு மீண்டும் விட்டிருக்கிறார்களா? அவர்களுடைய பழைய மூன்று நான்கு வெளியீடுகள் இன்று என்ன விலைக்குப் போகின்றன என்று பார்த்தாலே பாதி பதில் கிடைத்துவிடும்.

இப்போது உங்கள் ஐந்து வாங்கும் திட்டத்துக்கு வருவோம். 'நான்கை விற்றால் ஒன்று இலவசம்' என்கிற கணக்கை நிறையப் பேர் போடுகிறார்கள். காகிதத்தில் எழுதிப் பார்க்கலாம். ஒரு சிலையின் விலை 100 என்று வையுங்கள். உங்கள் கைக்கு வந்துசேரும் அனுப்புச் செலவு 8. ஆக அடக்க விலை 108. அதை 150க்கு விற்றுவிட்டீர்கள், ஐம்பது சதவீதம் அதிகம். கேட்க நன்றாகவே இருக்கிறது. தளத்தின் கமிஷனும் பணப் பரிமாற்றக் கட்டணமும் சேர்த்து 13 சதவீதம் என்றால் 19.50 போகும். பெட்டி, குமிழி உறை, கூரியர் எல்லாம் சேர்த்து 12. கையில் நிற்பது 118.50. அடக்கத்தைக் கழித்தால் லாபம் 10.50. இதிலேயே வருமான வரி வேறு இருக்கலாம். அது உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தது.

நான்கு விற்றால் 42. ஐந்தாவது உங்களுக்கு இலவசமாகவில்லை, 66க்குக் கிடைத்திருக்கிறது. அதுவும் எல்லாம் சரியாக நடந்தால்! ஒன்று வழியில் உடைந்து, பணத்தைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தால், பத்து விற்றுச் சம்பாதித்தது அந்த ஒன்றிலேயே போய்விடும். கிரெடிட் கார்டு பாக்கிக்கு மாதம் 3 சதவீத வட்டி என்றால், 108க்கு மூன்று மாத வட்டியே கிட்டத்தட்ட 10. லாபம் முழுக்க வங்கிக்கு. நாலாவது மாதத்திலிருந்து கைக்காசு.

சேகரிப்புப் பொருள்களில் லாபமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 1987 முதல் 2015 வரை வெளியான இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட லெகோ செட்களை ஆராய்ந்த ஒரு ரஷ்யப் பல்கலைக்கழக ஆய்வு, பிரிக்காத செட்களின் மறுவிற்பனையில் ஆண்டுக்குச் சராசரியாக 11 சதவீத ஆதாயம் இருந்ததாகக் கண்டது. இந்த எண்ணை மட்டும் எடுத்து விளம்பரம் செய்கிறவர்கள் அதே ஆய்வின் மறுபக்கத்தைச் சொல்வதில்லை: ஒரே வருடத்தில் பாதி மதிப்பை இழந்தவையும் அதில் உண்டு. பொதுவாக, தயாரிப்பு நிறுத்தப்பட்டு இரண்டு மூன்று வருடம் கழித்துத்தான் விலை நகரத் தொடங்குகிறது. அதுவரை இடம் வேண்டும், பொறுமை வேண்டும், முடங்கிய பணம் வேறு வேலைக்குத் தேவைப்படாமல் இருக்க வேண்டும். எதிர்ப்பக்கத்தில், கதாபாத்திரப் பொம்மைகள் தயாரிக்கும் ஃபங்கோ நிறுவனம் 2023இல், விற்காமல் கிடந்த 3 கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள சரக்கை அழிக்கப் போவதாக அறிவித்தது. தயாரித்தவருக்கே வைத்திருப்பது கட்டுப்படியாகவில்லை.

நான் கவனித்தவரை இந்த மாதிரிச் சிலைகளின் விலை ஒரு பாணியில் போகிறது. முன்பதிவு தீர்ந்த நேரத்திலிருந்து முதல் சரக்கு கைக்கு வரும்வரை உச்சம். எல்லோருக்கும் போய்ச் சேர்ந்ததும் சரிவு. பிறகு பெரும்பாலானவை அங்கேயே கிடக்கும். மிகச் சில மட்டும், ரசிகர் கூட்டம் வளர்ந்துகொண்டே போனால், வருடக்கணக்கில் மெதுவாக ஏறும். அதனால்தான் இப்போதே விற்கச் சொன்னேன். சீக்கிரம் விற்கலாம், அல்லது ஐந்தாறு வருடம் மறந்துவிடலாம். எட்டாவது மாதத்தில் பதறி விற்பதுதான் மிக மோசம். ஆனால் ஒன்று, பொருள் கையில் வருவதற்கு முன்பே விற்றுப் பணம் வாங்காதீர்கள். தயாரிப்பு தள்ளிப்போனால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

விற்கும்போது விலை எப்படிப் போடுவது? கடைசிப் பத்து விற்பனைகளின் நடு விலையைவிடக் கொஞ்சம் கீழே. பெட்டியின் ஆறு பக்கம், நான்கு மூலை, சீல், எண் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் படம் எடுங்கள். மூலை நசுங்கியிருந்தால் அதையும் நீங்களே காட்டிவிடுங்கள். மறைத்தால் பொருள் திரும்பி வரும், இரு வழிக் கூரியரும் உங்கள் தலையில். கட்டுவதை ஒரே ஓட்டமாக வீடியோ எடுத்து வையுங்கள். எண் தெரிவதிலிருந்து முகவரிச் சீட்டு ஒட்டும்வரை வெட்டாமல் இருக்க வேண்டும். சேகரிப்பவருக்குப் பெட்டியும் பொருள்தான், ஆகவே அதன்மேல் நேரடியாக டேப் ஒட்டாமல் இன்னொரு தடித்த அட்டைப்பெட்டிக்குள், எல்லாப் பக்கமும் நான்கு விரல் இடைவெளி நிரப்பி அனுப்புங்கள். 'தளத்துக்கு வெளியே முடித்துக்கொள்வோம், கமிஷன் மிச்சம்' என்று வருபவரிடம் போகவே போகாதீர்கள். பிரச்சினை என்றால் அப்புறம் நடுவில் யாரும் இருக்க மாட்டார்கள்.

வாங்கும் பக்கத்திலும் ஒரு எச்சரிக்கை. பிளாஸ்டிக் சுருக்க உறையை யார் வேண்டுமானாலும் மறுபடி போட முடியும், சீல் இருப்பது மட்டுமே சாட்சியாகாது. முதல் கடையின் ரசீது இருந்தால் வாங்குங்கள், நீங்களும் உங்கள் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். சீட்டுகள், காமிக்ஸ், நாணயம் என்றால் தரம் பார்த்து உறையிட்டுத் தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. சான்றிதழ் எண்ணை அவர்கள் தளத்திலேயே சரிபார்க்கலாம். அங்கேயே அந்தத் தரத்தில் இதுவரை எத்தனை வந்திருக்கின்றன என்ற பட்டியலும் இருக்கும். அதைப் பார்த்தால் 'அரிது' என்ற சொல்லின் சாயம் பல நேரம் வெளுத்துவிடும்.

நீங்கள் வைத்திருக்கவே முடிவு செய்தால், நேர் வெயில் படாத, ஈரம் ஏறாத அறையில் வையுங்கள். பரண் வேண்டாம், சூட்டில் வினைல் என்கிற மென்பிளாஸ்டிக் பிசுபிசுக்கும். மலிவான பிவிசி உறைகளில் நீண்ட நாள் வைத்தால் அதிலிருந்து கசிவது பொருளையே கெடுக்கும். பாலிப்ராப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறை நல்லது. சில பொருள்கள் தொடாமல் வைத்தாலும் தாமாகவே அழியும். பாலியூரித்தேன் அடிப்பாகம் கொண்ட ஸ்னீக்கர்கள் போடாமலே இருந்தாலும் ஈரக்காற்றிலேயே காலப்போக்கில் பொடிந்துபோகும். அவற்றைப் பத்து வருடம் வைப்பது முதலீடே இல்லை.

அடுத்த சிலை உங்களுக்கு உண்மையிலேயே பிடித்திருந்தால் ஒன்று வாங்குங்கள், கையில் இருக்கும் காசுக்கு. விலை பாதியாக விழுந்தாலும் அலமாரியில் வைத்துப் பார்க்கச் சம்மதமா என்று கேட்டுப் பாருங்கள். தயக்கம் இருந்தால் முன்பதிவை விட்டுவிட்டு, எல்லோருக்கும் சரக்கு வந்த பிறகு சந்தையைப் பாருங்கள். பல நேரம் வெளியீட்டு விலைக்கும் கீழேயே கிடைக்கும்.

நீங்கள் பிரித்துவிட்ட முதல் சிலையைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அதன் பெட்டி, உள்ளே இருந்த தெர்மோகோல் அச்சு, எண் அட்டை, சின்னச் சின்ன உதிரிக் கைகள் எதையும் எறிந்துவிடாதீர்கள். பிரித்ததாக இருந்தாலும் எல்லாம் முழுசாக இருந்தால் வாங்க ஆள் உண்டு. உதிரி ஒன்று குறைந்தால் பாதி விலைக்குக்கூடத் தயங்குவார்கள்.