ஹார்மோன் சரியாகத்தான் இருக்கிறது, அப்புறம் ஏன் ஊசி?

கேள்வி: என் மகளுக்கு 6 வயது. வயதுக்கேற்ற உயரம் இல்லை. டர்னர் சிண்ட்ரோம் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். வளர்ச்சி ஹார்மோன் அளவு சரியாக இருந்தும் தினமும் அந்த ஊசியைப் போடச் சொல்கிறார்கள். அவசியம்தானா? எத்தனை வருடம் போட வேண்டும்?

பதில்: நியாயமான சந்தேகம். டர்னர் உள்ள பெண் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் ஹார்மோனில் குறை இருக்காது. அவர்களுடைய இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று முழுதாகவோ ஒரு பகுதியோ இல்லை. அதனுடன் ஷாக்ஸ் என்ற மரபணுவின் ஒரு பிரதியும் போய்விடுகிறது. எலும்பு நீள்வதற்கு அந்த மரபணு தேவை. அது பாதியாகும்போது, இயல்பான அளவு ஹார்மோன் இருந்தும் எலும்பு போதுமான வேகத்தில் வளர்வதில்லை. அதனால்தான் கூடுதலாகக் கொடுத்து எலும்பைத் தூண்டுகிறோம்.

சிகிச்சை இல்லாவிட்டால், வளர்ந்த பிறகு மற்ற பெண்களைவிடச் சராசரியாக 20 செ.மீ. குறைவாக இருப்பார்கள். ஊசியால் சராசரியாக 5 முதல் 8 செ.மீ. கூடும். முழுக் குறையும் தீராது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் சீக்கிரம் ஆரம்பிப்பவர்களுக்குப் பலன் அதிகம். 11, 12 வயதில் பருவமடைதலுக்காகப் பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் மருந்தைத் தொடங்குவார்கள். அது மெல்ல மெல்ல எலும்பு முனையில் நீளம் கூடும் இடமான வளர்ச்சித் தட்டை மூடிவிடும். அதற்கு முந்தைய இந்த வருடங்கள்தான் உங்கள் மகளுக்குப் பொன்னான காலம், தள்ளிப்போடாதீர்கள். எலும்பு வயது (எக்ஸ்ரேயில் தெரியும் எலும்பின் முதிர்ச்சி) 14 ஆகும்வரை, அல்லது வருட வளர்ச்சி 2 செ.மீ.க்குக் கீழே போகும்வரை ஊசி தொடரும்.

தினமும் ஊசியா என்று மலைக்க வேண்டாம். பேனா போன்ற கருவி, மெல்லிய குட்டி ஊசி. தூங்கப்போகும்முன் தொடையில் போட்டு, பட்டனை அழுத்தியபடி பத்து எண்ணி எடுக்க வேண்டும். எண்ணும் வேலையை மகளிடமே கொடுங்கள். இன்றைக்கு எந்தத் தொடை என்றும் அவளே சொல்லட்டும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டால் தோலுக்கு அடியில் தடித்துவிடும் அல்லது குழி விழும். மருந்தை ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாகப் போடக் கூடாது.

விடாத தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், நொண்டி நடப்பது, இடுப்பிலோ முழங்காலிலோ வலி: இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். முதுகுத்தண்டு வளைகிறதா, சர்க்கரை, தைராய்டு எப்படி என்பதையும் அவ்வப்போது பார்ப்பார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். டர்னர் உள்ள குழந்தைக்கு, உயரம் எப்படி இருந்தாலும், இதயத்துக்கு எக்கோவும் சிறுநீரகத்துக்கு ஸ்கேனும் கட்டாயம். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான பெருநாடியில் குறை இருந்தால் வெளியே எந்த அறிகுறியும் தெரியாமல் போகலாம். இன்னும் எடுக்கவில்லை என்றால் இந்த வாரமே கேளுங்கள்.