பல்லியின் வால் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சில வாரங்களுக்கு முன் இரத்ததானம் செய்தேன். பிறகு அழைத்து, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி வைரஸுக்கு எதிராக உடல் உருவாக்கும் ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) பாசிட்டிவ் என்றார்கள். நடுங்கிப்போய், வைரஸே இரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் ஆர்.என்.ஏ. பரிசோதனை செய்துகொண்டேன். வைரஸ் இல்லை. "எப்போதோ வந்திருக்கிறது, உடம்பே விரட்டிவிட்டது" என்றார் மருத்துவர். ஆன்டிபாடி இதை எப்படிச் செய்கிறது? இனி எனக்கு அது வரவே வராதா? என் நண்பருக்கும் பாசிட்டிவ்தான். ஆனால் அவர் இரத்தத்தில் வைரஸும் இருக்கிறது. "உன் உடம்பு செய்ததை என் உடம்பும் செய்யும்" என்று இரண்டு வருடமாக மாத்திரையை மறுக்கிறார்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடைசி வரிதான் என்னை உடனே எழுதவைத்தது. ஆனாலும் முதல் கேள்வியிலிருந்துதான் அங்கே வர முடியும்.

உங்கள் பரிசோதனையில் தெரிந்த ஆன்டிபாடி வேறு, வைரஸைத் தடுக்கும் ஆன்டிபாடி வேறு. பரிசோதனை பெரும்பாலும் வைரஸின் உட்புறப் புரதங்களுக்கு எதிரானவற்றையே கண்டுபிடிக்கிறது. வைரஸ் உடலுக்குள் வந்தது என்பதற்கு அவை சாட்சி, அவ்வளவுதான். உங்கள் நண்பரிடமும் அந்தச் சாட்சிகள் இருக்கின்றன. வைரஸும் கூடவே இருக்கிறது.

தடுக்க வேண்டுமானால் ஆன்டிபாடி வைரஸின் மேற்பரப்பில் சரியான இடத்தில் போய் உட்கார வேண்டும். ஈ2 என்றொரு புரதம் அங்கே இருக்கிறது. அதன் ஒரு பகுதிதான் கல்லீரல் செல்லின் மேலுள்ள சிடி81 என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைய உதவுகிறது. அந்த இடத்தை ஆன்டிபாடி அடைத்துவிட்டால் வைரஸ் வாசலிலேயே நின்றுவிடும். ஆனால் ஈ2 தன்னைச் சர்க்கரை மூலக்கூறுகளால் போர்த்திக்கொண்டிருக்கிறது. முனையில் 27 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டையும் நீட்டிக்கொண்டிருக்கிறது. உடல் முதலில் அந்தத் துண்டைத்தான் கவனிக்கிறது. அதற்கு எதிராகவே ஆன்டிபாடிகளைக் குவிக்கிறது. வைரஸோ அந்தத் துண்டை மாற்றிக்கொண்டே இருக்கிறது, எந்த நஷ்டமும் இல்லாமல். பூனை துடிக்கும் வாலைப் பிடித்துக்கொண்டிருக்க, பல்லி சுவரேறிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதேதான்.

நாள்பட்ட தொற்றுள்ள ஓர் உடலில் ஒரு நாளில் சுமார் லட்சம் கோடி வைரஸ்கள் உருவாகின்றன. வைரஸின் மரபணுவைப் படியெடுக்கும் நொதிக்குப் பிழை திருத்தும் திறன் கிடையாது. ஆகவே புதுப்புது உருவங்களுக்குப் பஞ்சமே இல்லை. 1977இல் தொற்று ஏற்பட்ட ஒரு நோயாளியின் இரத்தத்தை 26 ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அவரது ஆன்டிபாடிகள் பழைய வைரஸை நன்றாகத் தடுத்தன. அன்றைக்கு உடலில் இருந்த வைரஸைத் தடுக்க முடியவில்லை. இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு அந்த மனிதரின் நினைவு அடிக்கடி வருகிறது. இருபத்தாறு வருடமும் அவர் உடல் ஓயாமல் உழைத்திருக்கிறது, எப்போதும் ஓர் அடி பின்னால்.

அப்படியென்றால் உங்கள் உடல் வென்றது எப்படி? கிழக்கு ஜெர்மனியில் 1970களின் இறுதியில் ஒரு துயரம் நடந்தது. பிரசவமான பெண்களுக்கு, இரத்த வகைப் பொருத்தமின்மைக்காகப் போடும் ஊசிமருந்தில் இந்த வைரஸ் கலந்துவிட்டது. எல்லோருக்கும் ஒரே இடத்திலிருந்து வந்த வைரஸ். சிலர் தாமாகக் குணமானார்கள், மற்றவர்களுக்கு நோய் தங்கிவிட்டது. பின்னாளில் அவர்களது பழைய இரத்த மாதிரிகளைச் சோதித்தபோது, குணமானவர்களிடம் தடுக்கும் ஆன்டிபாடிகள் தொற்றின் தொடக்கத்திலேயே தோன்றியிருந்தது தெரிந்தது. நோய் தங்கியவர்களிடம் அவை தாமதமாகவே வந்தன. வைரஸ் பல உருவங்களாகப் பெருகுவதற்கு முன், சிடி81ஐப் பற்றும், அதிகம் மாறாத அந்த இடத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடி கிடைத்துவிட வேண்டும். உங்களுக்கு அது கிடைத்திருக்கலாம்.

பெருமை முழுவதையும் ஆன்டிபாடிக்கே கொடுத்துவிட முடியாது. அது செல்லுக்கு வெளியே திரியும் வைரஸைத்தான் தொட முடியும். ஏற்கெனவே தொற்றிய கல்லீரல் செல்களைத் தேடி அழிப்பவை டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள். பிறவியிலேயே அமைந்த மரபணு வேறுபாடுகளுக்கும் இதில் பங்குண்டு.

இனி வராதா என்று கேட்டிருந்தீர்கள். வரலாம். குணமான பின் தடுக்கும் ஆன்டிபாடிகள் காலப்போக்கில் குறைந்துவிடுகின்றன. ஒருமுறை விரட்டிய உடல் அடுத்த முறையும் விரட்டும் வாய்ப்பு அதிகம் என்றாலும் அதை நம்பி இருந்துவிடாதீர்கள். இதற்கு இன்னும் தடுப்பூசி கிடையாது. பரிசோதனையில் 'பாசிட்டிவ்' என்று இனியும் வரக்கூடும் என்பதால், ஆர்.என்.ஏ. அறிக்கையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நண்பரிடம் இதைச் சொல்லுங்கள். தொற்றியவர்களில் 100க்கு 15 முதல் 45 பேர் வரை தாமாகக் குணமாகிறார்கள் என்பது உண்மை. ஆனால் அது பெரும்பாலும் முதல் ஆறு மாதங்களுக்குள் நடந்துவிடுகிறது. அதைத் தாண்டிவிட்டால் வைரஸ் தானாகப் போவது மிக அரிது. அவர் இரண்டு வருடத்தைக் கடந்துவிட்டார். அவர் உடல் சோம்பி இருக்கவில்லை. தாமதமாக வந்த ஆன்டிபாடிகள் வாலைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. கல்லீரலில் தழும்பு ஏறுவது வெளியே தெரியாது, வலிக்கவும் வலிக்காது. இன்றைய மாத்திரைகளை எட்டு முதல் பன்னிரண்டு வாரம் சாப்பிட்டால், 100க்கு 95 பேருக்கு மேல் முழுமையாகக் குணமாகிறார்கள். அவை வைரஸ் படியெடுப்பதையே நிறுத்துகின்றன. அது எந்த உருவம் எடுத்திருக்கிறது என்று ஆன்டிபாடியைப் போலத் துரத்திக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

அவர் மருத்துவரிடம் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். போய்வந்து எழுதுங்கள்.