வடிகட்டியில் தங்கியதும் செய்திதான்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நிரல்களுக்கிடையே செய்திகளைக் கடத்தும் எங்கள் காஃப்காவில் ஆர்டர்களுக்கு ஒரே டாபிக், அதாவது ஒரே செய்தித் தொடர். பதிவானது, பணம் வந்தது, ரத்தானது எல்லாம் அதிலேயே விழுகின்றன. ஆறு சர்வீஸ்கள் அதை முழுக்கப் படித்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தூக்கிப் போடுகின்றன. ராபிட்எம்க்யூ என்ற இன்னொரு செய்தி மென்பொருள் என்றால் சர்வரே பிரித்துக் கொடுத்துவிடும். காஃப்கா ஏன் செய்வதில்லை? வகைக்கு ஒரு டாபிக் என்று பிரித்துவிடலாமா?

கே.

அன்புள்ள கே.,

ராபிட்எம்க்யூ உறைமேல் எழுதிய ரூட்டிங் கீ என்ற முகவரியைப் பார்த்துப் பிரிக்கும் தபால்காரர். காஃப்கா 2011-இல் லிங்க்ட்இன்னிலிருந்து திறந்த மூலமாக வெளிவந்தபோதே வேறு கட்சி. அதன் புரோக்கருக்கு, அதாவது செய்திகளை வைத்திருக்கும் சர்வருக்கு, செய்தி என்பது வெறும் பைட்டுகள். எழுதி வைக்கும், கேட்டவருக்கு வரிசையாகக் கொடுக்கும், அவ்வளவுதான். வேகத்தில் பெரும்பங்கு அந்த அலட்சியத்தில் இருக்கிறது. 2017-இல் 0.11 பதிப்பில், செய்தியோடு குறிப்பு ஒட்டும் ஹெட்டர் வந்தது. அதையும் படிப்பவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் வகையை ஹெட்டரில் போட்டுவிட்டால், வேண்டாத செய்தியின் ஜேசனை, அதாவது உள்ளடக்க உரையை, பிரிக்காமலே தள்ளிவிடலாம். டாபிக்கில் கைவைக்கும் முன் இதைச் செய்து பாருங்கள். பல இடங்களில் சிபியுவைத் தின்பது அந்தப் பிரிப்புதான்.

வகைக்கு ஒரு டாபிக் என்பதில்தான் எனக்குத் தயக்கம். காஃப்கா வரிசைக்கு உத்தரவாதம் தருவது டாபிக்கின் ஒரு துண்டான பார்ட்டிஷனுக்குள் மட்டும். செய்தி எந்தப் பார்ட்டிஷனுக்குப் போகும் என்று தீர்மானிக்கும் கீயாக ஆர்டர் எண்ணை வைத்திருந்தால், ஓர் ஆர்டரின் கதை முழுக்க ஒரே பார்ட்டிஷனில் வரிசையாக இருக்கும். மூன்று டாபிக்காக உடைத்தால், பதிவு வருவதற்கு முன்பே ரத்து வந்து கதவைத் தட்டலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். பழைய வேலையில், நிலுவை ஆர்டர்களைக் காட்டும் திரைக்காக, நிலை 'நிலுவை' என்றிருப்பதை மட்டும் விடும்படி ஒரே வரியில் ஃபில்டர் எழுதினேன். 4471 என்று ஓர் ஆர்டர் என்று வைத்துக்கொள்வோம். நிலுவை என்று வருகிறது, ஃபில்டர் விடுகிறது. சற்று நேரத்தில் பணம் கட்டியாயிற்று என்று வருகிறது, ஃபில்டர் தடுக்கிறது. திரைக்கு அந்தத் தகவல் போகவே இல்லை. 4471 அங்கே சாகாவரம் பெற்றுவிட்டது. நிலுவை எண்ணிக்கை நாள்தோறும் ஏறியது. கோடில் பிழை என்று காட்ட ஒரு வரியும் இல்லை.

காஃப்கா ஸ்ட்ரீம்ஸ் என்ற நிரல் நூலகத்தில், ஒவ்வொரு செய்தியையும் தனி நிகழ்வாகப் பார்க்கும் கேஸ்ட்ரீம் ஃபில்டர் தள்ளியதைச் சொல்லாமல் தள்ளிவிடும். ஒவ்வொரு கீக்கும் கடைசி நிலையைப் பார்க்கும் கேடேபிள் ஃபில்டரோ, முன்பு விட்ட ஆர்டர் இப்போது தேறவில்லை என்றால் அதே கீயில் வெற்று மதிப்பை அனுப்பும். டூம்ஸ்டோன் என்பார்கள், 'இதை அழித்துவிடு' என்று பொருள். அதற்கு மாறினோம். அப்படியும் எண்ணிக்கை இறங்கவில்லை! திரைக்குப் பின்னால் செய்திகளைப் படித்துக்கொண்டிருந்த கன்ஸ்யூமர் நிரலில், மதிப்பு நல் (வெற்று) என்றால் தாண்டிப் போ என்று யாரோ தற்காப்புக்காக எழுதி வைத்திருந்தார்கள். அழிக்கச் சொன்ன செய்திகளையெல்லாம் அது விழுங்கிக்கொண்டிருந்தது.

ஆகவே உங்கள் ஆறு சர்வீஸ்களில் எவை கணக்கு வைத்திருக்கின்றன என்று முதலில் பாருங்கள். மின்னஞ்சல் அனுப்புவதுபோல வந்ததைச் செய்துவிட்டு மறந்துவிடுகிறவற்றுக்குத் தனி டாபிக் கொடுத்தால் பாதகமில்லை. கையிருப்பைக் கழித்துக் கூட்டும் சர்வீஸ் இருந்தால், அது பழைய டாபிக்கையே முழுசாகப் படித்துக்கொண்டிருக்கட்டும்.