தெரிஞ்சுக்கிட்டே தெரியாத மாதிரி கேட்காதீங்க: ஒரு டிடெக்டிவ் அப்பாவுக்கு பதில்

கேள்வி: நான் 17 வருஷமா போலீஸ்ல டிடெக்டிவ் வேலைல இருக்கேன், பெரும்பாலும் கொலை கேஸ், காணாமப் போனவங்க கேஸ். என் பொண்ணுக்கு 15 வயசு. ஆறு மாசமா ஆளே மாறிட்டா, கிளாஸ் கட் பண்றா, இருக்கேன்னு சொல்ற இடத்துல இருக்கறதில்ல. அவளுக்குத் தெரியாம போன்ல ட்ராக்கிங் ஆப் போட்டேன், ரெண்டு தடவை கார்ல பின்னாடியே போனேன், ரெண்டாவது தடவை பார்த்துட்டா. அதுலேருந்து எது கேட்டாலும் "உங்களுக்கு எவ்ளோ தெரியும்னு முதல்ல சொல்லுங்க"ங்கறா. எப்பேர்ப்பட்டவனையும் பேச வச்சிருக்கேன், சொந்தப் பொண்ண பேச வைக்க முடியல. என்ன டெக்னிக் யூஸ் பண்ணலாம்? இன்னொண்ணு, அவ கையில கோடு கோடா கீறல் பார்த்தேன், கேட்டா கதவுல பட்டுச்சுங்கறா. இது சீரியஸா?

பதில்: சார், கடைசியா போற போக்குல கேட்டீங்க பாருங்க, அதுக்குத்தான் முதல் பதில். சீரியஸ்தான். ஒரே இடத்துல வரிசையா கீறல், நம்பற மாதிரி இல்லாத ஒரு காரணம், இது ரெண்டும் சேர்ந்தா தன்னைத்தானே காயப்படுத்திக்கிறாளோன்னு யோசிச்சே ஆகணும். இந்த வயசுல இப்படிப் பண்ற நிறைய பேரு சாகறதுக்காகப் பண்றதில்ல, உள்ள தாங்க முடியாத ஏதோ ஒண்ண கொஞ்ச நேரம் அடக்கறதுக்காகப் பண்றாங்க, ஆனா அதுக்காக லேசா எடுத்துக்கவும் முடியாது, ஏன்னா இப்படிப் பண்றவங்களுக்குப் பின்னாடி தற்கொலை ஆபத்து மத்தவங்களவிட அதிகம். அதனால தனியா இருக்கும்போது, குரலை உயர்த்தாம, நேரா கேளுங்க: "உன் கையைப் பார்த்தேன்மா. நீயே பண்ணிக்கிட்டதா இருக்குமோன்னு தோணுது. திட்டப் போறதில்ல. சாகணும்னு நெனப்பு வருதா?" இப்படிக் கேட்டா நாமளே அந்த எண்ணத்தை மண்டைல போட்ட மாதிரி ஆயிடும்னு பல பேரு பயப்படுவாங்க, ஆகாது, ஆய்வுகள் திரும்பத் திரும்ப சொன்ன விஷயம் இது. வருதுன்னு சொன்னாலோ, எப்படின்னுகூட யோசிச்சு வச்சிருக்கான்னு தெரிஞ்சாலோ, அன்னைக்கே ஆஸ்பத்திரி, அதுவரைக்கும் அவள தனியா விடக் கூடாது. இல்லன்னு சொன்னாலும் இந்த வாரத்துக்குள்ள ஒரு மனநல டாக்டரைப் பார்த்துடுங்க.

உங்க வேலைய வச்சு இன்னொரு கேள்வி. துப்பாக்கி வீட்டுக்கு வருதா? வருதுன்னா இந்த நிமிஷத்துலேருந்து அது ஸ்டேஷன்லயே இருக்கட்டும், முடியவே முடியாதுன்னா தோட்டாவைக் கழட்டி, ரெண்டையும் வேற வேற இடத்துல பூட்டுங்க, சாவி உங்க கையில. "எங்க இருக்குன்னு அவளுக்குத் தெரியாது"ன்னு மட்டும் சொல்லாதீங்க, டிடெக்டிவ் வீட்டுப் பொண்ணு சார் அது. மாத்திரை டப்பாவையும் அதே மாதிரி பூட்டுங்க. ஆனா தினமும் "கையைக் காட்டு"ன்னு சட்டைக் கையத் தூக்கிப் பாக்கறது வேண்டாம், கீறல் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போகும், அவ்ளோதான். "இனிமே பண்ண மாட்டேன்னு சத்தியம் பண்ணு"வும் வேண்டாம்.

இப்ப டெக்னிக் விஷயத்துக்கு வருவோம். சார், அந்தக் கேள்வியிலேயே கோளாறு இருக்கு. நீங்க எந்த முறைல பயிற்சி எடுத்தீங்கன்னு எனக்குத் தெரியாது, ஆனா அமெரிக்காவுல ஜான் ரீட் பேர்ல பரவுன விசாரணை முறையோட சாயல் பல எடத்துல உண்டு: இவன்தான் பண்ணினான்னு முடிவு பண்ணிட்டு உள்ள போறது, மறுத்துப் பேச ஆரம்பிச்சாலே வாயை அடைக்கறது, "உன் நிலைமைல யாரா இருந்தாலும் இதைத்தான் பண்ணியிருப்பாங்க"ன்னு வெளிய வர ஒரு வாசலைக் காட்டி வாக்குமூலம் வாங்கறது. இதுமேல இருக்கற பெரிய குற்றச்சாட்டே, செய்யாதவங்களும் செஞ்சேன்னு சொல்லிடறாங்க, அதுலயும் பெரியவங்களவிட சின்ன வயசுக்காரங்க சீக்கிரம் சொல்லிடறாங்கங்கறதுதான், ஏன்னா அவங்களுக்கு அந்த ரூமை விட்டு வெளிய போனா போதும். உங்க வீட்டு ஹால்லயும் இதுதான் நடக்குது. உங்களுக்கு ஏற்கனவே தெரிஞ்ச அளவுக்கு ஒரு சின்ன குற்றத்தை ஒத்துக்கிட்டு எழுந்து போயிடறா, நீங்களும் பேசி முடிச்சாச்சுன்னு நெனச்சுக்கறீங்க, உண்மையான விஷயம் தொடாம அப்படியே கிடக்கு.

பொய்யைக் கண்டுபிடிக்கறதுல நாங்க எக்ஸ்பர்ட்டுன்னு சொல்வீங்க. கோவிச்சுக்காதீங்க, 2006ல சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோன்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் அதுவரைக்கும் வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தாங்க, ஒருத்தர் சொல்றது பொய்யா நிஜமான்னு மனுஷங்க சரியா சொல்றது சராசரியா 54 சதவீதம். காசை சுண்டிப் போட்டாலே 50 வரும். தொழில்ல இருக்கறவங்க சாதாரண ஆளுங்களவிட பெருசா மேல இல்ல. கிறிஸ்டியன் மெய்ஸ்னரும் சால் காசினும் 2002ல பார்த்தது இன்னும் மோசம்: பயிற்சியும் அனுபவமும் கூடக் கூட கணிப்பு சரியாகல, எதிர்ல இருக்கறவங்க பொய் சொல்றாங்கன்னு நெனைக்கற சாய்வும், தன் கணிப்பு மேல இருக்கற நம்பிக்கையும்தான் கூடுச்சு. அதாவது உங்க பொண்ணு நிஜம் சொன்ன நாள்லயும் உங்க மூஞ்சி அதை நம்பாம இருந்திருக்கும். ஒரு தடவை நிஜம் சொல்லி அதுக்கும் குறுக்கு விசாரணை கிடைச்சா, அடுத்த தடவை நிஜம் சொல்ல என்ன அவசியம்?

"உங்களுக்கு எவ்ளோ தெரியும்"னு அவ கேக்கறாளே, அதைத் திமிருன்னு நெனச்சிருப்பீங்க. எனக்கு அது உங்ககிட்டேருந்து கத்துக்கிட்ட பாடமாத்தான் தெரியுது. கையில ஆதாரத்தை வச்சுக்கிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி "நேத்து சாயங்காலம் எங்க இருந்த?"ன்னு கேட்டு, அவ பொய் சொன்னதும் ஆதாரத்தை எடுத்து வைக்கறது. அக்யூஸ்ட்கிட்ட இது நல்ல முறைதான். பொண்ணுகிட்ட இதை ரெண்டு தடவை பண்ணினா மூணாவது தடவை அப்பாவோட எந்தக் கேள்வியும் அவளுக்கு வெறும் கேள்வியா இருக்காது, "சாப்டியா"ன்னு கேட்டாக்கூட பின்னாடி ஏதோ இருக்குன்னுதான் தோணும். அதனால இன்னைலேருந்து ஒரே ஒரு பழக்கத்தை விடுங்க: பதில் தெரிஞ்ச கேள்வியைக் கேட்காதீங்க. தெரிஞ்சா தெரிஞ்சதை சொல்லுங்க. "நேத்து கிளாஸ்க்கு போகலன்னு ஸ்கூல்லேருந்து போன் வந்துச்சு. உன்ன மாட்ட வைக்க கேக்கல, எனக்கு கவலையா இருக்கு." சொல்லிட்டு சும்மா இருங்க. இந்த சும்மா இருக்கறதுல உங்களுக்கு நல்ல பழக்கம் உண்டுன்னு தெரியும், ஆனா அங்க அது எதிராளிய நெளிய வைக்கற மௌனம், இங்க அப்படிப் பாத்துக்கிட்டே உக்காராதீங்க, கையில ஏதாவது வேலைய வச்சுக்கோங்க.

ட்ராக்கிங் ஆப்புக்கு வரேன். ஸ்வீடன்ல ஹோகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் ரெண்டு பேரும் 14 வயசுப் பசங்க 703 பேரையும் அவங்க பெத்தவங்களையும் வச்சு செஞ்ச ஆய்வு ஒண்ணு 2000ல வந்துச்சு. அதுவரைக்கும் எல்லாரும், பெத்தவங்க கண்காணிச்சா பசங்க கெட்டுப் போக மாட்டாங்கன்னு நம்பிக்கிட்டிருந்தாங்க. இவங்க பிரிச்சுப் பார்த்தா, பசங்களைப் பத்தி பெத்தவங்களுக்குத் தெரிஞ்சதுல பெரும்பங்கு கேள்வி கேட்டோ கட்டுப்பாடு போட்டோ வந்தது இல்ல, பசங்களே தானா வந்து சொன்னது. நீங்க போட்ட ஆப் போன் எங்க இருக்குன்னு சொல்லும், அந்தப் போனை ஒரு ஃப்ரெண்டு வீட்ல வச்சுட்டுப் போக உங்க பொண்ணுக்குத் தெரியாதா என்ன. யாரோட இருக்கா, ஏன் போனா, கையை ஏன் கீறிக்கிட்டா, இதெல்லாம் எந்த ஆப்பும் சொல்லாது.

ஆனா ராத்திரியோட ராத்திரியா ஆப்பை அழிச்சுட்டு எதுவுமே நடக்காத மாதிரி இருக்கறதும் தப்பு, அது ஆதாரத்தை அழிக்கற வேலை. அவ முன்னாடி உக்காந்து சொல்லுங்க, போன்ல இன்ன தேதில இதைப் போட்டேன், இதெல்லாம் பார்த்தேன், கார்ல ரெண்டு தடவை வந்தேன், நீ ஒரு தடவைதான் பார்த்த, தப்புதான், மன்னிச்சுக்கோ. "ஆனா நீ பண்ணினதுனாலதான்"னு ஒரு வால் சேர்த்தீங்கன்னா மன்னிப்பு செல்லாது. அதுக்கப்புறம் ரெண்டு பேருமே ஒருத்தருக்கொருத்தர் லொகேஷன் ஷேர் பண்ணிக்கலாமான்னு கேளுங்க, டூட்டி நேரத்துல உங்களால முடியாதுன்னா வர லேட்டாகும்னு ஒரு மெசேஜாவது போடுவேன்னு ஒத்துக்கோங்க. கையில கீறல் இருக்கற இந்த நேரத்துல எங்க இருக்கான்னு பெத்தவங்களுக்குத் தெரியறது நியாயம், ஒளிஞ்சு தெரிஞ்சுக்கறதுதான் பிரச்சனை.

அந்த மெசேஜ் விஷயத்துல கொஞ்சம் நிக்கறேன், ஏன்னா உங்க கடிதம் முழுக்க அவ எங்க போறா எப்ப வராங்கறதுதான் இருக்கு, நீங்க எப்ப வருவீங்கன்னு தெரியாம அவ 15 வருஷமா இருந்திருக்கா, அது ஒரு வரிகூட இல்ல. துப்பாக்கி எடுத்துட்டுப் போற அப்பா ராத்திரி வரலன்னா குழந்தை என்ன நெனைக்கும்? வந்ததுக்கப்புறமும் கேஸ் பத்தி வீட்ல பேசக் கூடாது, ஏன் முகம் இப்படி இருக்குன்னு கேட்டா "ஒண்ணுமில்ல". சரிதான், ரகசியம் காக்கணும். ஆனா பெரிய விஷயம் எதுவா இருந்தாலும் வாயைத் திறக்கக் கூடாதுங்கறத உங்க வீட்ல அவளுக்கு சொல்லிக் கொடுத்தது யாரு? கேஸைச் சொல்ல வேண்டாம் சார், உங்களைச் சொல்லலாமே. "இன்னைக்கு ஒரு வீட்டுக்குப் போய் கெட்ட சேதி சொல்ல வேண்டி வந்துச்சு, இன்னும் மனசு சரியில்ல" போதும். போலீஸ்ல இருந்து உளவியலாளரான கெவின் கில்மார்ட்டின் இதைப் பத்தி விளக்கியிருக்கார், டூட்டில உடம்பு முழு அலர்ட்ல இருக்கும், வீட்டுக்கு வந்ததும் அதே அளவுக்குக் கீழ விழும், சோர்வு, எதுலயும் பிடிப்பு இல்லாம டிவி முன்னாடி உக்காந்துடறது. பழைய நிலைக்கு வர 18லேருந்து 24 மணி நேரம் ஆகும்ங்கறார், அதுக்குள்ள அடுத்த டூட்டி வந்துடும். வெளிய இருந்து பார்க்கற பொண்ணுக்கு இது எப்படித் தெரியும்? அப்பாவுக்கு வேலைன்னா உயிர், நம்மகிட்ட வந்தா செத்த முகம்.

உங்க பயம் எனக்குப் புரியுது. காணாமப் போன பொண்ணுங்க ஃபைலைப் பார்த்துட்டு வர்றவருக்கு, மக அரை மணி லேட்டானா மனசு எங்கெங்கயோ போகும். ஆனா யோசிச்சுப் பாருங்க, கிளாஸ் கட் பண்ணிட்டு ஊர் சுத்திட்டு பத்திரமா வீடு திரும்பற பசங்க கதை உங்க டேபிளுக்கு வரவே வராது, விபரீதமா முடிஞ்சது மட்டும்தான் வரும். அதை மட்டும் 17 வருஷம் பார்த்த கண்ணு அது. பயத்தை மறைச்சு அதிகாரமா மாத்தாதீங்க, "எனக்குப் பயமா இருக்கு"ன்னே சொல்லுங்க, அவ அந்த வார்த்தைய உங்க வாயிலேருந்து கேட்டிருக்கவே மாட்டா.

உங்க தொழில்லயே உங்களுக்கு உதவற பாதியும் இருக்கு. அக்யூஸ்டை விடுங்க, பயந்துபோன சாட்சிகிட்ட எப்படிப் பேசுவீங்க? 1980கள்ல ரொனால்ட் ஃபிஷர், எட்வர்ட் கைசல்மேன் ரெண்டு பேரும் சாட்சிகளுக்குன்னே ஒரு முறைய உருவாக்குனாங்க: முதல்ல அவங்க இறுக்கத்தைத் தளர்த்தறது, அவங்க போக்குல முழுசா சொல்ல விடறது, நடுவுல வெட்டாம இருக்கறது, ஆமா இல்லைன்னு முடியற கேள்விகளைக் குறைக்கறது. இங்கிலாந்துல 1990கள் ஆரம்பத்துலேருந்து போலீஸ் பயிற்சியே வாக்குமூலம் வாங்கறதை விட்டுட்டு தகவல் சேகரிக்கற பக்கம் திரும்பிடுச்சு. வீட்லயும் அதேதான். "ஏன் போன?"க்கு பதிலா "அங்க போனா எப்படி இருக்கு உனக்கு?" நேரமும் பார்த்துக்கோங்க, இந்த வயசுல தூக்கம் வர்ற கடிகாரமே தள்ளிப் போயிடும், ராத்திரி பதினோரு மணிக்குத்தான் முழிப்பா இருப்பாங்க, நீங்க டூட்டி முடிஞ்சு வர்ற நேரமும் அதுதான்னா நல்லதாப் போச்சு. அவ அம்மா நல்ல போலீஸ், நீங்க கெட்ட போலீஸ்னு வேஷம் பிரிச்சுக்கிட்டிருந்தீங்கன்னா அதையும் கையோட விட்டுடுங்க.

டாக்டர் விஷயத்துல ஒண்ணு, டிபார்ட்மென்ட்ல தெரிஞ்சா பேச்சாகும்னு தள்ளிப் போடாதீங்க, டிபார்ட்மென்ட்டுக்கு சம்பந்தமே இல்லாத ஆளாப் பார்த்துப் போங்க. தன்னைக் காயப்படுத்திக்கற இளவயசுப் பசங்களுக்கு டிபிடின்னு (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி) ஒரு பேச்சு சிகிச்சை இருக்கு, தாங்க முடியாத உணர்ச்சியை சமாளிக்கக் கத்துக்கொடுக்கறது, அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லைனஹன் உருவாக்குனது, நார்வேல 77 பசங்களை வச்சு 19 வாரம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2014ல வந்துச்சு, வழக்கமான சிகிச்சையவிட இதுல காயப்படுத்திக்கறது நல்லாவே குறைஞ்சது. உங்க பக்கத்துல கிடைக்குதான்னு கேளுங்க. உள்ள அவ என்ன பேசினான்னு டாக்டர் பொதுவா எல்லாத்தையும் உங்களுக்கு சொல்ல மாட்டார், உயிருக்கு ஆபத்துன்னா சொல்வார். வெளிய வந்ததும் நீங்களும் கார்ல ஸ்டேட்மென்ட் வாங்காதீங்க.

எவ்ளோ நாள் ஆகும்னு கேப்பீங்க. வாரக்கணக்கு, மாசக்கணக்கு, முதல் கொஞ்ச நாள் இன்னும் அதிகமா கத்துவா, உங்க மாற்றமே ஒரு புது டெக்னிக்குன்னு நெனைப்பா, நெனைக்கறதுல தப்பும் இல்ல. அப்புறம் ஒரு நாள் அவளா ஏதாவது சொல்வா. அது அநேகமா அவளைப் பத்தியே இருக்காது, "என் ஃப்ரெண்டு ஒருத்தி இருக்காப்பா, அவ வந்து"ன்னு ஆரம்பிக்கும். அப்ப தயவுசெஞ்சு "யாரு அந்தப் பொண்ணு, பேர் என்ன"ன்னு மட்டும் கேட்டுடாதீங்க.