பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைத்தால் சட்டப் பிரச்சினை வருமா? பெற்றோருக்கு என்னென்ன பொறுப்புகள்?

நேரடிப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டில் படிக்க வைத்ததற்காக உங்கள் மேல் கேஸ் போட்டு அபராதம் வசூலிக்கிற பிரிவு எதுவும் கல்வி உரிமைச் சட்டத்தில் இல்லை. அதே சமயம் 'தாராளமாகச் செய்யுங்கள்' என்று சொல்கிற பிரிவும் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எங்களைப் போன்றவர்கள் குடும்பம் நடத்துகிறோம்.

நாங்கள் பெரம்பூர்வாசிகள். வீட்டுக்காரர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். நான் கணிதப் பட்டதாரி, கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் டியூஷன் எடுத்தவள். எங்கள் மகள் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டாள். எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதித் தேறினாள், இப்போது பத்தாம் வகுப்புக்குத் தயாராகிறாள். நீங்கள் ஐந்தாறு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு, யாரோ போட்ட வீடியோவைப் பார்த்துவிட்டு, செய்யலாமா வேண்டாமா என்ற யோசனையில் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் சட்டம். 2009-இல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கானது. அதன் 10-ஆம் பிரிவு, பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. கடமை என்று சொன்னதோடு சரி, செய்யாவிட்டால் என்ன தண்டனை என்று சொல்லவில்லை. அரசியலமைப்பின் 51ஏ பிரிவிலும் இதே வயதுப் பிள்ளைக்குக் கல்வி வாய்ப்பு ஏற்படுத்தித் தருவது பெற்றோரின் அடிப்படைக் கடமை என்று இருக்கிறது. வீட்டுக் கல்விக்கென்று தனிப் பதிவோ உரிமமோ கிடையாது. ஆகவே 'லைசென்ஸ் வாங்கித் தருகிறேன், இவ்வளவு கொடுங்கள்' என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

உண்மையான அபராதம் வேறு இடத்தில் இருக்கிறது. நாலு வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்து, மாடியில் போர்டு மாட்டி, ஃபீஸ் வாங்கி, பள்ளி போலவே நடத்தினால் அது அங்கீகாரம் இல்லாத பள்ளி. 18-ஆம் பிரிவின்படி ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அதற்குப் பிறகும் நடத்தினால் நாள் ஒன்றுக்குப் பத்தாயிரம் வரை. சென்னையில் 'ஹோம் ஸ்கூலிங் சென்டர்' என்று சொல்லிக்கொண்டு நடப்பவற்றில் பணம் கட்டுவதற்கு முன்னால் இதைக் கேட்டுப் பாருங்கள்.

எனக்கு அரசுப் பள்ளி மேலேயோ ஆசிரியர்கள் மேலேயோ எந்தக் கோபமும் கிடையாது. நானே மாநகராட்சிப் பள்ளியில் படித்தவள். 'வசதி இருக்கிறவர்கள் பொழுதுபோகாமல் செய்கிற வேலை' என்று கீழே யாராவது எழுதுவார்கள் என்று தெரியும். எங்கள் வீட்டில் ஒரே சம்பளம். பள்ளியை விட்டதற்குக் காரணம் என் மகள் திக்கிப் பேசுவாள் என்பதுதான். வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து நின்று பாடம் வாசிக்க வேண்டும். இவள் முறை வரும்போது அந்த டீச்சர் கடிகாரத்தைப் பார்ப்பார். பிள்ளைகள் அதைப் புரிந்துகொண்டு சிரிக்க ஆரம்பித்தார்கள். காலையில் யூனிஃபார்மைப் பார்த்தாலே வயிற்றுவலி என்பாள். பேசிப் பார்த்தோம், எழுதிக் கொடுத்தோம், வகுப்பு மாற்றிக் கேட்டோம். ஒன்றும் நடக்கவில்லை. வெளியே வரும்போது டி.சி. தர அடுத்த டெர்ம் ஃபீஸைக் கேட்டார்கள். கட்டணப் பாக்கியை வசூலிக்க டி.சி.யைக் கருவியாகப் பயன்படுத்தக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. உங்களுக்கு அந்தச் சிக்கல் வந்தால் தீர்ப்பைக் காட்டிக் கேளுங்கள். எப்படியானாலும் டி.சி. வாங்காமல் பள்ளியை விட்டு வராதீர்கள். மறுபடி சேர்க்க நினைத்தாலும் தேர்வு எழுத நினைத்தாலும் முதலில் கேட்பது அதைத்தான்.

வீட்டில் என்ன மாறியது என்றால், அவளுக்கு வாசிக்கச் சொல்லிக் கொடுத்தது நான் இல்லை, என் மாமியார். தினமும் காலையில் காபி குடித்துவிட்டு அத்தை தினத்தந்தியைச் சத்தமாகப் படிப்பார். அது அவர் பழக்கம். இவளும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே வரியைக் கூடவே படிக்க ஆரம்பித்தாள். இருவரும் ஒரே நேரத்தில் வாசிக்கும்போது இவளுக்குத் திக்கவே இல்லை. நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கூடச் சேர்ந்து வாசிக்கும்போது திக்கல் குறைவது தெரிந்த விஷயம்தான் என்று பேச்சுப் பயிற்சி தருபவர் பிறகு விளக்கினார். அத்தை மெல்ல மெல்லத் தன் குரலைத் தாழ்த்திக்கொண்டு இவளை முன்னே விடுவார். விபத்துச் செய்தி, தங்கம் விலை, ராசிபலன் எல்லாம் படித்துத்தான் என் மகள் தமிழ் வாசித்தாள். தனியாகப் பேசும்போது இன்றைக்கும் திக்குவாள். ஆனால் பேசுவதை நிறுத்துவதில்லை.

இனி பொறுப்பு என்று நான் எதைச் சொல்கிறேன் என்பதற்கு வருகிறேன். தமிழ்நாட்டில் பள்ளி செல்லாத, இடைநின்ற பிள்ளைகளைக் கண்டுபிடிக்க வீடு வீடாகக் கணக்கெடுப்பு நடக்கும். எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். ஆசிரியர் பயிற்றுநர் ஒரு அம்மா, கூட அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர். நல்ல வெயில் நேரம். "பாப்பா எந்த ஸ்கூல்?" என்றார். "வீட்லயே படிக்கிறா மேடம்" என்றேன். "அப்போ நிறுத்திட்டீங்க" என்று எழுதப் போனார். அவர் கையிலிருந்த படிவத்தில் நான் சொன்ன காரணத்துக்கு இடமே இல்லை. வேலைக்குப் போகிறாளா, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா, கல்யாணம் ஏதாவது பேசியிருக்கிறீர்களா என்று வரிசையாகக் கேட்டார். ஒன்பது வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியா என்று என் வீட்டுக்காரருக்கு முகம் சுருங்கியது. எனக்குக் கோபம் வரவில்லை. அந்தக் கேள்விகள் கேட்கப்படாததால் வாழ்க்கை தொலைந்த பெண்பிள்ளைகள் எங்கள் உறவிலேயே இருக்கிறார்கள்.

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். டி.சி., பிறப்புச் சான்றிதழ், அவள் நோட்டுகள், மாதா மாதம் நான் வைத்த பரிட்சைத் தாள்கள் எல்லாம் ஒரே ஃபைலில் இருந்தன. அந்த அம்மா தாள்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு சமூக அறிவியல் புத்தகத்தை எடுத்து ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னார். இவள் இரண்டாவது சொல்லிலேயே திக்கினாள். அவர் குறுக்கே ஒரு வார்த்தை சொல்லவில்லை, எடுத்தும் கொடுக்கவில்லை. தண்ணீர் டம்ளரைக் கையில் பிடித்தபடி பத்தி முடியும் வரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா படிக்கிற கண்ணு" என்றார். அப்புறம் என்னிடம், "எப்போ சேர்க்கணும்னு தோணினாலும் வாங்க, வயசுக்கு ஏத்த வகுப்புல சேர்த்துக்குவாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அது வாய்வார்த்தை இல்லை, சட்டத்தின் 4-ஆம் பிரிவே அப்படித்தான் சொல்கிறது. இடையில் விட்ட பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, பின்தங்கியிருந்தால் தனிப் பயிற்சியும் தர வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், வீட்டில் படிக்க வைக்கும் பெற்றோர் குழுக்களில் 'கணக்கெடுக்க வந்தால் கதவைத் திறக்காதீர்கள்', 'சொந்த ஊரில் படிக்கிறான் என்று சொல்லிவிடுங்கள்' என்று அறிவுரை சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது அறவே பிடிக்காது. படிக்கும் உரிமை பிள்ளையுடையது. பள்ளியில் இருந்தால் அந்தப் பிள்ளையை ஒரு நாளைக்கு எத்தனையோ கண்கள் பார்க்கும். வீட்டில் வைத்துக்கொண்டால் நம் இரண்டு பேர் கண்தான். வெளியிலிருந்து ஒருவர் வந்து பார்ப்பது பிள்ளைக்குப் பாதுகாப்பு. மறைக்க வேண்டிய நிலையில் படிப்பு இருக்கிறது என்றால் அந்த வீட்டில் படிப்பு நடக்கவில்லை என்று பொருள். கடுமையாகத் தோன்றினால் தோன்றட்டும்.

சான்றிதழ் வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் 3, 5, 8-ஆம் வகுப்புகளுக்கு இணையாக ஏ, பி, சி என்று மூன்று நிலைகள் உண்டு. பத்தாம் வகுப்புக்கு 14 வயது ஆகியிருக்க வேண்டும். ஒரு மொழியாவது உட்பட ஐந்து பாடங்கள், தமிழும் எடுக்கலாம். ஒரு முறை பதிந்தால் ஐந்து ஆண்டுகளுக்குள் ஒன்பது வாய்ப்புகள். மாநில வாரியத்தில் 12½ வயதானால் எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம், அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்துகிறது. நாங்கள் இந்த வழியில் போனோம். பத்தாம் வகுப்புக்கு அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கும் பெயர் பதிய வேண்டும், அறிவிப்பு வரும் தேதியைத் தவற விடாதீர்கள். பாடப் புத்தகம் சென்னை கல்லூரிச் சாலையில் பள்ளிக் கல்வித் துறை இயங்கும் டி.பி.ஐ. வளாகத்திலேயே கிடைக்கும், இணையத்தில் இலவசமாகவும் இருக்கிறது.

யாரும் எடுத்துச் சொல்லாத இழப்புகள் சில உண்டு. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒன்றாம் வகுப்பு முதலே தமிழ் வழியில் படித்ததற்குச் சான்று கேட்கிறார்கள். வீட்டில் தமிழில்தான் சொல்லிக் கொடுத்தோம் என்று நாம் எழுதிக் கொடுத்தால் செல்லாது. மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் பள்ளியில் படித்ததை வைத்துத்தான். முதல் தலைமுறையாகப் படிக்கிற பிள்ளை, அரசுப் பள்ளியில் நன்றாகவே படித்துக்கொண்டிருக்கிற பிள்ளை என்றால், வெளியே எடுப்பதற்கு முன் பத்து முறை யோசியுங்கள். நாங்கள் இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்துப் பேசிய பிறகுதான் முடிவெடுத்தோம். எங்கள் மகள் தனியார் பள்ளியில் இருந்தவள் என்பதால் எங்களுக்கு இழப்பு குறைவு. உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம்.

படிப்பு வீட்டுக்குள் மட்டும் நடப்பதில்லை. பின்னமும் தசமமும் வந்த சமயத்தில் ஐ.சி.எஃப். பக்கத்து ரயில் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனோம். அகல ரயில் பாதை 1,676 மில்லிமீட்டர், மீட்டர் கேஜ் 1,000. கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 2004 வரை மீட்டர் கேஜில் ஓடியது என்று அவள் அப்பா சொன்னதும், இரண்டு பாதைக்கும் வித்தியாசம் எத்தனை, அதை மீட்டரில் எப்படி எழுதுவது, பழைய பெட்டியில் இடம் எவ்வளவு குறைந்திருக்கும் என்று அவளாகவே கேட்டு எழுதிக்கொண்டாள். கன்னிமாரா நூலகம், கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவு, பக்கத்திலேயே பிர்லா கோளரங்கம் என்று இந்த ஊரில் குறைந்த செலவில் போக நிறைய இடங்கள் உண்டு.

விளையாட்டுக்குத்தான் வழியில்லை. எல்லோரும் கேட்பது 'வீட்டிலேயே இருந்தால் பிள்ளை யாரோடு பழகும்?' என்பது. பழக ஆள் இருக்கிறார்கள், இடம்தான் இல்லை. மாலையில் பள்ளி விட்டு வருகிற பிள்ளைகளோடு எங்கள் ஃபிளாட் கீழே விளையாடுவாள். அங்கே சங்கத்துக்காரர்கள் 'பார்க்கிங்கில் விளையாடக் கூடாது' என்று போர்டு மாட்டிவிட்டார்கள். காருக்கு ஒரு கீறல் விழுந்துவிடக் கூடாதாம், பிள்ளைகள் எங்கே போனால் என்ன? வியாசர்பாடி, பெரம்பூர் பக்கம் கால்பந்துக்குப் பேர்போன இடம். 2024-இல் மாநகராட்சியே ஒன்பது கால்பந்துத் திடல்களில் மணிக்கு 120 ரூபாய் கட்டணம் என்று தீர்மானம் போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றார்கள், நல்லதாகப் போயிற்று. ஆனால் அப்படி ஒரு யோசனை வந்ததே என்று எனக்கு இன்னும் ஆறவில்லை. பள்ளியில் படித்தாலும் வீட்டில் படித்தாலும் பிள்ளைகள் ஓடியாட மண் தரை வேண்டாமா?

சரி, கேள்விக்கு வருகிறேன். முடிவெடுத்தால் டி.சி. வாங்குங்கள், ஃபைல் போடுங்கள், மாதம் ஒரு முறையாவது உங்கள் குடும்பத்தைச் சேராத ஒருவர் பிள்ளையின் நோட்டைப் பார்க்கும்படி செய்யுங்கள். நாங்கள் பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் காட்டுகிறோம், அவர் சிவப்பு மையில் தயங்காமல் திருத்துவார். ஒவ்வொரு மே மாதமும் பிள்ளையிடமே கேளுங்கள், பள்ளிக்குப் போகிறாயா என்று. போகிறேன் என்றால் ஜூனில் சேர்த்துவிடுங்கள். இதுவரை என் மகள் வேண்டாம் என்றிருக்கிறாள். பதினொன்றாம் வகுப்புக்குப் பள்ளியில் சேர்ந்து வணிகவியல் எடுக்கப் போவதாக இந்த வருடம் சொல்லியிருக்கிறாள், அதற்கான விசாரிப்பில் இருக்கிறோம்.

உங்கள் பிள்ளையின் வயது, இப்போது எந்த வகுப்பு, அரசுப் பள்ளியா தனியாரா என்பதைக் கருத்தில் எழுதினால், எந்த வழி ஒத்துவரும் என்று எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.