பெண்ணுக்குச் சொத்துரிமை வந்த பிறகும் புதிய சட்டம் தேவையா?

சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்று சட்டம் வந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் மேலும் சட்டங்கள் கேட்கிறார்களே, அவற்றால் பயன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். காரைக்குடியில் ஆவண எழுத்தராக இருப்பவன் என்ற முறையில், உண்டு என்று உறுதியாகச் சொல்வேன்.

செட்டிநாட்டுப் பூர்வீக வீடு பங்காளிகளின் வீடு. வளவை, அதாவது வீட்டின் நடுமுற்றத்தைச் சுற்றியுள்ள அறைகள் மணமான மகன்களுக்கே ஒதுக்கப்பட்டன; சீரும் நகையும் கொடுத்தனுப்பியதோடு மகளின் கணக்கு முடிந்துவிட்டதாகக் கருதினார்கள். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமும் இதற்குத் துணை நின்றது. குடும்பத்தார் குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் தாமாகப் பாகம் பிரிக்கும் வரை, மகள் தன் பங்கைப் பிரித்துக் கேட்க முடியாது என்றது அதன் 23-ஆம் பிரிவு. தலைமுறைகளாகப் பிரிக்காமலே வைத்திருக்கும் வீடுகள் நிறைந்த எங்கள் பகுதியில் அந்த ஒரு பிரிவு எத்தனை பெண்களை வாசலிலேயே நிறுத்தியிருக்கும்!

1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சம சொத்துரிமை கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. தமிழ்நாட்டில் அது 1989-இல்தான் சட்டமாயிற்று. அப்போதும் அதற்கு முன் மணமானவர்கள் விடுபட்டார்கள். 2005-ஆம் ஆண்டுத் திருத்தம்தான் அந்தக் குறையைத் தீர்த்து, 23-ஆம் பிரிவையும் நீக்கியது. ஒரு சட்டம் விட்ட ஓட்டையை அடுத்த சட்டம்தான் அடைத்திருக்கிறது.

இப்போது மிஞ்சியிருக்கும் ஓட்டை விடுதலைப் பத்திரம்; அதாவது, ஒரு வாரிசு தன் பங்கை மற்ற வாரிசுகளுக்கு விட்டுக்கொடுப்பதாக எழுதித் தரும் பத்திரம். சார்பதிவாளர் அலுவலகத்தில், "ஆச்சி, இந்த இடத்திலும் ஒரு கையெழுத்து" என்று தம்பி விரலால் காட்ட, கண்ணாடியைக்கூட எடுத்து மாட்டாமல் அக்கா கையெழுத்திடுவதை அடிக்கடி பார்க்கிறேன். யாருடைய தூண்டுதலும் இன்றி, முழு மனதுடன் என்ற வாசகம் அந்தப் பத்திரத்தில் தவறாமல் இருக்கும். மனமுவந்து விட்டுக்கொடுப்பவர்களும் உண்டு. அவர்களைத் தடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பங்கின் மதிப்பே தெரியாமல் விடுவது விட்டுக்கொடுப்பதாகாது.

ஆகவே, பெண் வாரிசு எழுதிக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்துக்குத் தனி விதி வேண்டும். உடன்பிறந்தோர் அருகில் இல்லாதபோது, அவருடைய பங்கையும் அதற்கு அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பையும் சார்பதிவாளர் அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். யோசிக்கச் சில நாள் அவகாசம் தந்த பிறகே பதிவு செய்ய வேண்டும். இதனால் உறவு முறியும் என்கிறார்கள். அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்கும்போது அந்தக் கவலையை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.