நீண்ட தலைமயிருக்கு மரக்குச்சி: வாசகர் கேள்வி-பதில்

கொண்டைக் குச்சி, மரச்சீப்பு பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கிவிட்டேன். பாதிப் பேர் கேட்பது எந்த மரம் நல்லது என்றுதான். தலைமயிருக்கு மரத்தின் பெயர் தெரியாது, அதன் மேற்பரப்புத்தான் தெரியும். விலை உயர்ந்த மரத்தில் அரைகுறையாகத் தேய்த்த குச்சியை விட, வீட்டு வேம்பில் நன்றாகத் தேய்த்த குச்சி மேல். கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை இதைச் சுற்றித்தான் வருகின்றன.

இடுப்புக்குக் கீழே தலைமயிர். பிளாஸ்டிக் கிளிப் எதுவும் தாங்குவதில்லை. வெளிநாட்டில் ஓடர் செய்தால் குச்சியின் விலையை விடத் தபால் செலவு கூட. யாழ்ப்பாணத்தில் மலிவாக எங்கே வாங்கலாம்? (சுன்னாகம்)

கடை கடையாக ஏறி இறங்காமல் பட்டறைக்குப் போங்கள். பான்சிக் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் இறக்குமதிப் பிளாஸ்டிக். மரம் என்று சொல்லி விற்பதும் சில வேளை மரநிறம் பூசிய பிளாஸ்டிக்தான். கட்டில் கால், மத்து, இடியப்ப உரல் கடைகிற கடைசல்காரர் உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ இருப்பார். ஒரு கட்டில் கால் கடைந்து மிஞ்சுகிற துண்டில் நாலைந்து குச்சி எடுக்கலாம். அவருக்கு அது அடுப்புக்குப் போகிற விறகு. ஆகவே நீங்கள் காசு கொடுப்பது மரத்துக்கு அல்ல, அவருடைய நேரத்துக்கு.

ஒரேயொரு குச்சி கேட்டால் எந்த ஓடாவிக்கும் முகம் சுருங்கும். நாலு பேர் சேர்ந்து ஒரு டசினாகக் கேளுங்கள், வேலை குறைந்த நாளில் செய்து தரச் சொல்லுங்கள். கடைசல் மட்டும் போதும், தேய்ப்பை நானே பார்க்கிறேன் என்றால் விலை இன்னும் இறங்கும், ஏனென்றால் நேரம் போவது தேய்ப்பில்தான். வேம்பு, பூவரசு, தேக்கு, முதிரை எது மிஞ்சியிருந்தாலும் வாங்கலாம். முருங்கை, இலவம் போன்ற மெல்லிய மரம் வேண்டாம், கொண்டைக்குள் போனதும் முறியும். கோயில் வாகனம் செய்கிற சிற்பக்கூடங்களிலும் கேட்டுப் பார்க்கலாம். அங்கே துண்டும் மிஞ்சும், நுணுக்கமாகத் தேய்க்கத் தெரிந்த கைகளும் இருக்கும்.

நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாளும் வீதியோரக் கடைகளில் மரச்சாமான் பார்க்கலாம். ஒரு துண்டுப் பஞ்சைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போங்கள். குச்சியைச் சுற்றி, முக்கியமாக நுனியில், பஞ்சை உரசுங்கள். ஒரு நூல் ஒட்டினாலும் அந்த இடத்தில் உங்கள் மயிரும் மாட்டும். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பார்க்கட்டும்.

பனை அபிவிருத்திச் சபையின் கற்பகம் விற்பனை நிலையத்தைச் சிலர் கேட்டிருக்கிறீர்கள். பனங்கட்டி, ஒடியல், ஓலைப் பெட்டிக்கு நல்ல இடம். கொண்டைக் குச்சிக்கென்று மட்டும் அலைய வேண்டாம்.

என்ன நீளத்தில் செய்யச் சொல்வது? ஒற்றைக் குச்சியா, இரண்டு கால் உள்ளதா? (கொக்குவில்)

வழக்கம்போலக் கொண்டை போட்டு, அதன் குறுக்களவை அடிமட்டத்தால் அளந்து, 4 அல்லது 5 சென்ரிமீற்றர் கூட்டுங்கள். பலருக்கு 13 முதல் 17 சென்ரிமீற்றருக்குள் வரும். நடுவில் 6 முதல் 8 மில்லிமீற்றர் தடிப்பு. நுனி ஒடுங்க வேண்டும், ஆனால் குத்தக்கூடாது, உருண்டை முனை போதும்.

மயிர் அடர்த்தியாகவோ வழுக்கலாகவோ இருந்தால் இரண்டு கால் உள்ளது நன்றாகப் பிடிக்கும். கால்களுக்கிடையில் இரண்டு சென்ரிமீற்றரளவு இடைவெளி விடச் சொல்லுங்கள். அதை வெட்டும்போது மரத்தின் நார் காலின் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் எவ்வளவு வைரமான மரமும் பிஸ்கற் மாதிரி உடையும். பலகையில் பென்சிலால் கீறும்போதே இதைப் பார்த்துவிடுங்கள்.

கருங்காலிக் குச்சி என்று ஒன்று வாங்கினேன். தலை நனைந்தபோது துவாயில் கறுப்பு ஒட்டியது. ஏமாந்துவிட்டேனா? (மானிப்பாய்)

அநேகமாக ஆம். ஈர வெள்ளைத் துணியால் உரசிப் பாருங்கள். கறுப்பு நன்றாக இறங்கினால் அது சாயம் பூசிய வேறு மரம். இன்னொன்று, கருங்காலி கனமான மரம், பொதுவாகத் தண்ணீரில் தாழும். உங்கள் குச்சி மிதந்தால் சந்தேகம் இன்னும் கூடும். ஆனால் தாழ்வதெல்லாம் கருங்காலி என்றும் இல்லை, வேறு கனமான வைர மரங்களும் தாழும்.

இலங்கையில் கருங்காலி பாதுகாக்கப்பட்ட மரம். மலிவு விலையில் குவித்து வைத்து விற்கிறார்கள் என்றால், ஒன்றில் அது கருங்காலி இல்லை, அல்லது நேர்வழியில் வந்ததில்லை. மாலை, காப்பு என்று இப்போது இந்த மரத்துக்கு ஏறியிருக்கும் மவுசு எனக்கு விளங்குவதேயில்லை. கறுப்புத்தான் வேண்டுமென்றால் வைரம் பாய்ந்த பனையைப் பாருங்கள். கறுப்பும் மண்ணிறமும் கோடு கோடாக ஓடும், கருங்காலியை விட வடிவு.

அந்தப் பனையைப் பற்றித்தான் கேள்வி. பழைய வீட்டுக் கூரையைப் பிரித்தபோது கழற்றிய பனஞ்சிலாகை கிடக்கிறது. மனைவிக்கு அதில் குச்சி செய்து கொடுக்க ஆசை. முடியுமா? (பருத்தித்துறை)

முடியும் தம்பி, அதை விட நல்ல மரம் காசு கொடுத்தாலும் கிடைக்காது. கூரையில் அத்தனை காலம் கிடந்து காய்ந்தது, இனி வெடிக்காது. புதிதாக மரம் தறிக்கவும் தேவையில்லை. பெண் பனை தறிப்பதற்கு 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அனுமதி வேண்டும் என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

வேலை தொடங்குமுன் ஆணி இருக்கிறதா என்று ஒரு காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். உள்ளே முறிந்து கிடக்கும் துருவாணி வாளையும் கெடுக்கும், கையையும் கெடுக்கும்.

பனைக்கு வேம்பு, தேக்குப் போல ஆண்டு வளையம் கிடையாது. மெல்லிய சோற்றுப்பகுதிக்குள் கறுப்பு நார்கள் நீளவாக்கில் ஓடுகின்றன. மரத்தின் வெளிப்பக்கத்தில் நார் நெருக்கம், உள்ளே போகப் போக ஐது. ஆகவே கறுப்பு நெருங்கிய பக்கத்தில் வெட்டுங்கள். சிக்கல் நுனியில்தான். அங்கே நார்கள் வெட்டுப்பட்டு நிற்கும், கவனிக்காவிட்டால் சிராய் எழும்பும். பனஞ்சிராய் விரலில் ஏறினாலே என்ன பாடு என்று நம் ஊரில் சொல்லத் தேவையில்லை, அது பிடரியில் ஏறினால்?

120ஆம் நம்பர் சாண்ட்பேப்பரில் தொடங்கி, 240, பிறகு 400. எப்போதும் நாரோடு சேர்த்துத் தேய்க்க வேண்டும், குறுக்கே கூடாது. 400 முடிந்ததும் ஈரத் துணியால் ஒருமுறை துடைத்துக் காய விடுங்கள். படிந்து கிடந்த நார் நுனிகள் எழுந்து மேற்பரப்பு சொரசொரப்பாகும். பயப்படாதீர்கள், அதற்காகத்தான் துடைத்தது. மறுபடி 400 போடுங்கள். இதை இரண்டு மூன்று தரம் செய்தால் பிறகு தலை ஈரம் பட்டாலும் நார் எழும்பாது. பெரும்பாலான மலிவுக் குச்சிகளில் தவறவிடுவது இந்த ஒரு வேலையைத்தான். கடைசியாக வார்னிஷை நீர்க்கக் கலந்து மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பின் அடுத்தது. நுனிக்கு ஒரு பூச்சு கூடவே கொடுங்கள். அப்புறம் மனைவியிடம் கொடுக்குமுன் அதே பஞ்சுச் சோதனை.

குச்சிக்குத் தேங்காயெண்ணெய் பூசலாமா? (நெல்லியடி)

வேண்டாம். தேங்காயெண்ணெய் மரத்தில் இறுகாது, பிசுபிசுப்பாகி ஊத்தை பிடிக்கும், நாள்பட்டால் காறல் மணமும் வரும். ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டு இறுகும். மெல்லிதாகப் பூசி, மிச்சத்தைத் துடைத்து, சில நாள் விடுங்கள். அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாமல் விரித்துக் காயப்போடுங்கள், சுருட்டி வைத்தால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். தேன்மெழுகும் நல்லது, ஆனால் நம் வெயிலுக்கு அடிக்கடி புதுப்பிக்க வேண்டிவரும்.

வேப்பமரச் சீப்பால் பொடுகு போகுமா? (சாவகச்சேரி)

போகாது. பொடுகில் தோலில் வாழும் ஒருவகைப் பூஞ்சைக்குப் பங்குண்டு, அதற்குக் கீட்டோகொனசோல் கலந்த ஷாம்பூ போன்ற மருந்து இருக்கிறது. சீப்பு மருந்தில்லை. ஆனாலும் மரச்சீப்பு வாங்குங்கள், காரணம் வேறு. மலிவான பிளாஸ்டிக் சீப்பில் அச்சு பொருந்திய கோடு பல்லின் ஓரத்தில் நிற்கும், அது நீண்ட மயிரை அறுக்கும். மரத்தில் பல்லை ஒவ்வொன்றாக அறுத்துத் தேய்ப்பதால் அந்தக் கோடு இல்லை. பல் அகலமாக, முனை உருண்டையாக இருக்கட்டும், நார் பல்லின் நீளவாக்கில் ஓடட்டும். தண்ணீரில் ஊற வைக்க வேண்டாம், பழைய பற்தூரிகையில் கொஞ்சம் சவர்க்காரம் தொட்டுத் தேய்த்து உடனே துடைத்துவிடுங்கள்.

முதிரைக் குச்சி போட்டால் பிடரி கடிக்கிறது. (வட்டுக்கோட்டை)

இருக்கும். முதிரைத் தூள் பட்டால் தச்சருக்கே தோல் கடிப்பதுண்டு. நன்றாக வார்னிஷ் பூசிப் பாருங்கள். அப்படியும் கடித்தால் வேறு மரத்துக்கு மாறுங்கள், தோல் தடித்தால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

தினமும் ஸ்கூட்டியில் கம்பஸ் போகிறேன். குச்சியோடு ஹெல்மெற் போடலாமா? (கோண்டாவில்)

கூடாது தங்கச்சி. ஹெல்மெற் தலையில் சரியாக இருக்காது, விழுந்தால் குச்சி எங்கே போகும் என்று நினைத்துப் பாருங்கள். போகும்போது ஒற்றைப் பின்னல், இறங்கிய பிறகு கொண்டை. குச்சி பையில் கிடக்கட்டும். நெரிசல் பஸ்ஸிலும் அப்படித்தான், பின்னால் நிற்பவரின் கண் அந்த உயரத்தில்தான் இருக்கும்.

மரத்துக்கே வழியில்லை, இன்னும் மலிவாக ஏதாவது? (காரைநகர்)

சிரட்டை இருக்கிறதே! நன்றாக முற்றிய தேங்காய்ச் சிரட்டையில் உள்ளங்கை அளவு துண்டை நீள்வட்டமாக வெட்டி, உள்ளும் புறமும் தேய்த்து, இரண்டு முனையிலும் ஒவ்வொரு துளை போடுங்கள். சிரட்டையின் வளைவு கொண்டையின் வளைவோடு தானாகவே பொருந்தும். கொண்டை மேல் வைத்து, ஒரு துளை வழியாகக் குச்சியை விட்டு, கொண்டைக்குள்ளால் ஓட்டி, மற்றத் துளையால் எடுத்தால் இறுகிவிடும். துளையின் விளிம்பை விட்டுவிடாதீர்கள், சாண்ட்பேப்பரைச் சுருட்டி உள்ளே விட்டுத் தேய்க்க வேண்டும். மயிர் மாட்டுவது அங்கேதான்.